கரண்ட் என்ற சொல்

மருந்து ஏறி முடிந்ததும் நேரத்தைப் பிடிப்பது என் வேலை. மயக்க மருந்துப் பகுதித் தாதி "முடிந்தது" என்பாள். நான் சுவரில் இருக்கும் நேரமானியை அமத்துவேன். பிளியோமைசின் நாளத்தின் வழியாகப் போய், இரத்தத்தோடு சுற்றி, கட்டியின் இழையமெங்கும் பரவுவதற்கு 8 நிமிடம் கொடுக்க வேண்டும். அதன் பிறகு 28ஆவது நிமிடத்துக்குள் எல்லாக் கட்டிகளையும் முடித்துவிட வேண்டும். அந்த முதல் 8 நிமிடமும் தியேட்டரில் ஒருவரும் அதிகம் கதைப்பதில்லை. நோயாளி நித்திரையில் இருப்பார். சத்திரசிகிச்சை டொக்டர் கையில் ஊசி முனைகளை ஏந்திக்கொண்டு நிற்பார். நான் நேரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருப்பேன்: "ஆறு", "ஏழு", "எட்டு".

பிறகு டொக்டர் மிதியை அமத்துவார். ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் உடம்பு அந்த இடத்தில் ஒருதரம் துள்ளும். நெஞ்சில் வைத்தால் தோள் எழும்பும். காலில் வைத்தால் கால் உதைக்கும். திரையில் ஒரு கோடு எழுந்து விழும். மின்னோட்டம் போதுமான அளவு பாய்ந்ததா என்று அதைப் பார்த்து உறுதிப்படுத்திய பிறகுதான் ஊசிகளை எடுத்து அடுத்த இடத்தில் வைப்போம்.

கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். டேனிஷ் மொழியில் இதற்கு எலெக்ட்ரோகீமோதெரப்பி என்று பெயர். தமிழில் மின்வேதிச்சிகிச்சை என்று சொல்லிப் பார்க்கிறேன். நல்ல சொல்தான். ஆனால் கட்டிலில் படுத்திருக்கும் ஒரு மனிசியிடம் அந்தச் சொல்லைச் சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை என்பதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கனகாலம் எடுத்தது.

எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லா வாசலிலும் தட்டிவிட்டு வருகிறவர்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து, கதிர்ச் சிகிச்சை முடிந்து, கீமோவும் முடிந்த பிறகு நெஞ்சுத் தோலில் திரும்பவும் முளைத்த கட்டிகள். காலில் கருநீலமாகக் கொத்துக் கொத்தாகப் பரவிய மெலனோமா. தலையிலும் கழுத்திலும் வந்தவை. வெட்டினால் மூடத் தோல் இருக்காது. திரும்பக் கதிர் கொடுத்தால் அந்த இடம் தாங்காது. நோய் உள்ளே எங்கெங்கோ இருக்கும். அதை இந்தச் சிகிச்சை மாற்றாது. அதை நான் ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்த கட்டி இருக்கிறதே, அது உள்ளே இருக்கும் நோயைவிட ஒரு மனிதரை அதிகம் தனிமைப்படுத்தும். அது ஊனம் வடிக்கும், இரத்தம் கசியும், மணக்கும். பேரப்பிள்ளையைத் தூக்க விடாது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எழும்பிப் போவாரோ என்ற பயத்தில் வெளியே போகவே விடாது. கரித்துணிக் கட்டும் மெட்ரோனிடசோல் களிம்பும் மணத்தைக் கொஞ்சம் அடக்கும். அவ்வளவுதான். அந்தக் காயங்களைக் கட்டித்தான் என் தாதி வாழ்க்கையின் முதல் பகுதி போனது. கட்டுவதைத் தவிர வேறு ஏதாவது செய்ய முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை நான் கிடுகு வேலியை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். பாடப்புத்தகத்தில் படித்ததை எங்கள் ஊர் வேலியாக மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கே பிடிபட்டது.

ஒவ்வொரு கலத்தைச் சுற்றியும் ஒரு மென்சவ்வு இருக்கிறது. தடிப்பு சுமார் 5 நானோமீற்றர். அதுதான் வேலி. பிளியோமைசின் என்பது 1966-இல் ஜப்பானில் ஹமாவோ உமெசாவா என்ற அறிஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. கலத்துக்குள் போய்விட்டால் அதைப்போலக் கொடிய மருந்து குறைவு. டிஎன்ஏயின் இழைகளைக் கத்திரித்துக்கொண்டே போகும். ஒரு மூலக்கூறு தன் வேலையை ஒரு வெட்டோடு நிறுத்துவதில்லை. ஆனால் அது பெரிய மூலக்கூறு, கொழுப்பால் ஆன வேலிக்குள்ளால் நுழையத் தெரியாது. படலைக்கு வெளியே நின்றுகொண்டே இருக்கும், சிறுநீரோடு போய்விடும். தனியாகக் கொடுத்தால் இந்தக் கட்டிகளில் பெரிதாக ஒன்றும் நடக்காமல் போவதற்குக் காரணம் அதுதான்.

மின்புலம் அந்த வேலியில் பொட்டு வெட்டுகிறது. எங்கள் ஊரில் வேலிப் பொட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். நாய் போகும், கோழி போகும், ஒழுங்கையால் சுற்றிப் போகப் பஞ்சிப்படும் பிள்ளைகளும் போவார்கள். கட்டியின் இரு பக்கமும் முனைகளை வைத்து, சென்ரிமீற்றருக்கு ஆயிரம் வோல்ட் கணக்கில் 100 மைக்ரோசெக்கன் நீளமான துடிப்புகள் எட்டைக் கொடுக்கும்போது மென்சவ்வில் மிக நுண்ணிய துளைகள் திறக்கின்றன. வெளியே காத்து நின்ற மருந்து உள்ளே போகிறது. பிறகு, நிமிடக் கணக்கில், வேலி தானாகவே அடைத்துக்கொள்கிறது. உள்ளே போன மருந்து உள்ளேயே அகப்பட்டுவிடுகிறது. பிளியோமைசினின் நஞ்சுத்தன்மை தட்டில் வளர்த்த கலங்களில் பல நூறு மடங்குக்கு மேல் கூடும் என்று ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்கும் இது பொருந்தும். ஆனால் அது கொஞ்சமாகத் தானாகவே உள்ளே போகக்கூடியது என்பதால் மடங்கு குறைவு.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விடயம் இருக்கிறது. பொட்டு எல்லாக் கலத்திலும்தான் திறக்கிறது. முனைகளுக்கு இடையில் அகப்பட்ட நல்ல தோலின் கலத்துக்குள்ளும் மருந்து போகிறது. ஆனால் அளவோடு உள்ளே போன பிளியோமைசின் ஒரு கலம் பிரிய முனையும்போதுதான் அதைக் கொல்லும். ஓயாமல் பிரிந்துகொண்டிருப்பது கட்டி. ஆறுதலாக இருக்கும் கலம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதனால்தான் கட்டி உதிர்ந்த இடத்தில் பிறகு நல்ல தோல் மூடி வருகிறது. முதன்முதலாக அந்தப் புதுத்தோலை விரலால் தொட்டுப் பார்த்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டேன். செய்திருக்கக் கூடாதுதான்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-இல் எபர்ஹார்ட் நொய்மனும் அவரோடு வேலை செய்தவர்களும் மின்துடிப்பால் எலிக் கலங்களுக்குள் மரபணுவைச் செலுத்திக் காட்டினார்கள். 1987-இல் ஜப்பானில் ஒகினோவும் மொஹ்ரியும் எலிகளின் கட்டியில் பிளியோமைசினோடு மின்துடிப்பைச் சேர்த்துப் பார்த்தார்கள். பரிஸுக்கு அருகே வில்ஜுயிஃபில் குஸ்தாவ் ருசி நிலையத்தில் லூயிஸ் மீரின் குழு 1988-இல் கலங்களில் இதைக் காட்டி, 1991-இல் முதன்முதலாக நோயாளிகளிடம் கொண்டுவந்தது. பிறகு ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு கருவி, ஒவ்வொரு கணக்கு. அதை ஒழுங்குக்குக் கொண்டுவர வில்ஜுயிஃப், ஸ்லொவீனியாவின் லுப்லியானா, அயர்லாந்தின் கோர்க், இங்கே கொப்பன்ஹேகன் ஆகிய நான்கு இடத்தவர்களும் ஒன்றுசேர்ந்து 2006-இல் ஒரு பொது நடைமுறையை வெளியிட்டார்கள். எத்தனை வோல்ட், எந்தக் கட்டிக்கு எந்த முனை, உடலின் ஒரு சதுர மீற்றருக்கு 15,000 அலகு பிளியோமைசின், எத்தனையாவது நிமிடம், எல்லாமே அதில் இருந்தன. அவர்களுடைய ஆய்வில் 85 வீதமான கட்டிகள் சுருங்கின, 74 வீதமானவை முற்றாகவே மறைந்தன. பரவி வளர்ந்துகொண்டிருந்த கட்டிகள் அவை என்பதை நினைவில் வைத்து அந்த எண்களைப் படிக்க வேண்டும். 3 சென்ரிமீற்றரைத் தாண்டிய கட்டிகளில் பலன் குறைவு என்பதும் பிறகு தெரியவந்தது. ஆகவே காலம் தாழ்த்தாமல் அனுப்புங்கள் என்று குடும்ப டொக்டர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இரத்தம் நிற்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெலனோமாவோடு ஒரு தோட்டக்காரர் வந்தார். முன்னங்காலில் இருந்த கட்டி ஒன்று தொட்டால் போதும், இரத்தம் ஒழுகும். இரவில் காலுக்குக் கீழே ரப்பர் விரிப்புப் போட்டுத்தான் படுப்பார். அன்றைக்கு முனையை வைத்துத் துடிப்பைக் கொடுத்ததும் சுற்றியிருந்த தோல் வெளிறியது. நான் பஞ்சோடு காத்துக்கொண்டு நின்றேன். ஒழுகவில்லை. மின்துடிப்பு அந்த இடத்து இரத்தக் குழாய்களை நெரித்துவிடுகிறது. கட்டிக்குள் இருக்கும் ஒழுங்கற்ற குழாய்களில் அந்த நெரிப்பு நல்ல தோலில் இருப்பதைவிட நெடுநேரம் நீடிக்கிறது. டென்மார்க்கில் இந்தத் துறையை வளர்த்த யூலி கேல், லூயிஸ் மீரோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் குழாய் நெரிப்பைப் பற்றியதுதான். உள்ளே போன மருந்தையும் அந்த நெரிப்பு வெளியேற விடாமல் வைத்திருக்கிறது. நான் அந்த ஆய்வைப் பிறகுதான் படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கையில் இருந்த பஞ்சு வெள்ளையாகவே இருந்தது என்பதுதான்.

துடிப்புகளைச் செக்கனுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம், அல்லது செக்கனுக்கு 5,000 என்ற வேகத்தில் கொடுக்கலாம். முதல் முறையில் எட்டுத் துடிப்புக்கு எட்டுத் துள்ளல், எட்டு அடி. இரண்டாவதில் எட்டும் ஒன்றரை மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும், உடம்புக்கு அது ஒரே ஒரு அடியாகத்தான் தெரியும். சின்னக் கட்டி ஒன்றோ இரண்டோ என்றால் விறைப்பு ஊசி போட்டு, நோயாளி முழித்திருக்கவே செய்வோம். அப்போது கையைப் பிடித்துக்கொள்வது நான்தான். "உங்களுக்கும் அடிக்காதா?" என்று கேட்பார்கள். மின்னோட்டம் ஊசிகளுக்கு இடையில்தான் ஓடும், எனக்கு வராது என்று சொல்வேன். நான் பிடித்திருக்கும் கை இறுகி இளகுவதில் இருந்து எவ்வளவு நொந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும். பரந்த காயம் என்றால் முழு மயக்கம்தான். அதில் விட்டுக்கொடுப்பே இல்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு வந்த முதல் வருடம். எண்பது வயதைத் தாண்டிய ஒரு டேனிஷ் அம்மா, பாடசாலையில் தையல் படிப்பித்தவர். நெஞ்சில் கையகலக் காயம். சிகிச்சை நன்றாக நடந்தது. வீட்டுக்குப் போகும்போது அவர் என்னிடம் கேட்டார், "இனி என்ன நடக்கும்?" நான் சொன்னேன், "காயும்." நேரம் இருந்தும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டேன். அவருடைய முகம் அந்தச் சொல்லைக் கேட்டு மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோசமாக இருந்தது.

ஒரு கட்டி சாகும்போது காய்வதற்கு முன் வேறு பலதும் நடக்கும். முதலில் வீங்கிச் சிவக்கும். பிறகு கறுக்கும், அடுப்புக்கரி போலக் கறுக்கும். அந்தக் கறுப்புப் பொருக்கின் ஓரத்தால் சில கிழமைகளுக்கு ஊனம் முன்பைவிட அதிகமாக வடியும், மணமும் கூடும். முன்பே நோவு இருந்த காயம் என்றால் நோவும் கூடும். செத்த இழையம் கழன்று விழுந்த பிறகுதான் கீழே தோல் வரும். பெரிய காயத்துக்கு மாதக் கணக்கில் எடுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

மூன்றாவது கிழமை அவருடைய மகள் தொலைபேசி எடுத்தாள். அம்மா பத்து நாளாக ஒருவரையும் அறைக்குள் விடவில்லையாம், கட்டை மாற்ற வரும் மாவட்டத் தாதியைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். யன்னலெல்லாம் திறந்திருந்தது, மாரிகாலக் குளிருக்குள். அவர் கட்டிலில் கோட்டோடு இருந்தார். "என்னை எரித்துவிட்டீர்கள்" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. நடந்ததைத் தெரிவிக்கும் குரல். "நீங்கள் எனக்கு நல்லதைத்தான் நினைத்தீர்கள். ஆனால் நான் எரிந்துபோனேன். மகளுக்குக் காட்ட முடியவில்லை."

காயத்தைத் திறந்து பார்த்தேன். சிகிச்சை மிக அருமையாக வேலை செய்திருந்தது. கட்டி முழுவதும் செத்துக் கறுத்து, ஓரங்கள் கழரத் தொடங்கியிருந்தன. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் நல்ல செய்தி. அவருக்கு அது பத்து இரவுகள். ஒரு சொல்லை நான் முழுதாகச் சொல்லாததால் வந்த பத்து இரவுகள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கட்டிலில் இருந்து, ஒவ்வொரு கிழமையும் என்ன நடக்கும் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் தையல் கொப்பி ஒன்றில் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் ஒருவரையும் படம் காட்டாமல் அனுப்புவதில்லை. முதலாம் கிழமை, மூன்றாம் கிழமை, எட்டாம் கிழமை, இன்னும் பிந்தியது. அனுமதி தந்த நோயாளிகளின் படங்கள், அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்தவை. கறுப்புப் படத்தைத்தான் அதிக நேரம் காட்டுவேன். "இது உங்களுக்கு வரும். வந்தால் பயப்படாதேங்கோ. வராவிட்டால் எனக்கு அடியுங்கோ" என்று சொல்வேன். இன்னும் சில சின்ன விடயங்களும் உண்டு. பிளியோமைசின் உடம்பில் இருக்கும் நாட்களில் தோலைச் சொறிந்தால் சொறிந்த கோடு கபில நிறத்தில் மாதக் கணக்கில் நிற்கும். ஆகவே நகத்தை வெட்டிக்கொண்டு வரச் சொல்வேன். ஈசிஜி ஒட்டிகளைச் சட்டென்று இழுத்துப் பிய்க்க விடமாட்டேன். எங்கள் மாதிரிக் கறுத்த தோலில் அந்த அடையாளம் இன்னும் அழுத்தமாகப் பதியும். டேனிஷ் கைநூல் எதிலும் அதை நான் காணவில்லை. அம்மா ஒருவரின் நெஞ்சில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எழுபது கடந்தவர். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியைச் சேர்ந்தவர். இங்கே மகன் குடும்பத்தோடு இருந்தார். மார்பில் இருந்த காயத்தை ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். குளித்துவிட்டுச் சந்தனத்தூளும் பவுடரும் போட்டு, பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்துவைத்துக் கட்டி, அதற்கு மேல் இரண்டு சட்டை போட்டிருந்தார். மருமகள்தான் மணத்தை வைத்துக் கண்டுபிடித்தாளாம். எங்களிடம் வரும்போது மற்றச் சிகிச்சைகளில் முடிந்ததெல்லாம் முடிந்திருந்தது.

டென்மார்க்கில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேராசிரியரையும் அப்படித்தான். அம்மாவுக்கு அது வரவில்லை. சத்திரசிகிச்சை டொக்டரை "டொக்டரம்மா" என்றார். அவர்களும் அதைத் தங்கள் பெயர்போல ஏற்றுக்கொண்டார்கள். என்னை முதல் நாளே "பிள்ளை" ஆக்கிவிட்டார்.

சிகிச்சையை விளங்கப்படுத்துவதற்கு என்னை விட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்ற நிம்மதியோடு தொடங்கினேன். "மருந்து ஊசியால குடுப்பம் அம்மா. பிறகு அந்தக் கட்டியில கொஞ்சம் கரண்ட் குடுப்பம்."

அவர் என் கையை விட்டுவிட்டார்.

டேனிஷில் மின்னோட்டத்துக்கு ஸ்ட்ரொம் என்பார்கள். ஆற்றின் ஓட்டத்துக்கும் அதே சொல்தான். மெதுவான சொல். ஆண்டுக்கணக்காக அந்தச் சொல்லையே சொல்லிப் பழகியதில், தமிழில் அதன் இடத்தில் வரும் சொல் எங்கள் சனத்துக்கு என்ன என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குச் சிகிச்சை கொடுக்க 1982-இல் இங்கெ கெனஃப்கெ என்ற டொக்டர் நிலையம் தொடங்கியது இதே கொப்பன்ஹேகனில்தான். அப்படிப்பட்டவர்களுக்கு வயர், ஒட்டி, உடுப்பில்லாமல் படுக்கும் மேசை எல்லாமே என்ன செய்யும் என்று எங்களுக்குப் படிப்பித்தவர்கள் உண்டு. அந்தப் படிப்பை நான் பிற நாட்டு அகதிகளோடு பொருத்தி வைத்திருந்தேன். என் மொழியில் என் வாயிலிருந்தே அது வரும் என்று நினைக்கவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அம்மா கதைத்தார். "என்ர மகனுக்குக் குடுத்தவங்கள், பிள்ளை. பிடிச்சுக்கொண்டு போன இடத்தில. அவன் ஒண்டும் சொல்லேல்லை. ஆனா இண்டைக்கும் வீட்டில சுவிட்ச் பழுதானா மருமகள்தான் திருத்துவாள். அவன் கிட்டவும் போகான்." பிறகு கதவைப் பார்த்தார். மகன் வெளியே இருந்தார். அவர்தான் காரில் கூட்டிக்கொண்டு வந்தவர். "அவனுக்கு இதைச் சொல்லிப்போடாதை."

வேறு சொல் தேடினேன். மின்துடிப்பு என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. "ஒரு மெஷின்" என்று தொடங்கி இடையிலேயே நிறுத்தினேன். "காயும்" என்ற சொல் என் நினைவுக்கு வந்தது. மிருதுவான சொல்லைக் கொடுத்து ஒருவரை அனுப்பிவைத்தால் என்ன ஆகும் என்று நான் ஒருதரம் பார்த்துவிட்டேன்.

"ஓம் அம்மா, அது கரண்ட்தான்" என்றேன். "வேற பேர் சொல்லி உங்களை ஏமாத்தமாட்டன். ஆனா நீங்கள் முழு நித்திரையில இருப்பியள். உங்களுக்கு ஒண்டும் தெரியாது. நான் முழு நேரமும் பக்கத்தில நிப்பன். உங்களுக்கு வேண்டாம் எண்டா வேண்டாம். ஒருத்தரும் கோபிக்கமாட்டினம்." பிறகு வேலிக் கதையைச் சொன்னேன். மருந்து படலைக்கு வெளியில நிக்குது, உள்ள போகத் தெரியாது, நாங்கள் வேலியில பொட்டு வெட்டி விடுறம், மருந்து புகுந்த உடன வேலி தானா அடைச்சுப்போடும்.

"கிடுகு வேலியோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"கிடுகு வேலி தானா அடைக்காது, பிள்ளை. ஆராவது கட்ட வேணும்" என்றார். என் கையைத் திரும்பப் பிடித்துக்கொண்டார். கறுப்புப் படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "இதைவிட மோசமானதை நான் ஒரு வருசம் ஒளிச்சு வைச்சனான்" என்றார். அடுத்த கிழமை வருவதாகச் சொன்னார்.

இங்கே ஆஸ்பத்திரிக் கடிதங்கள் தபாலில் வருவதில்லை, இணையத்தில் இருக்கும் மின்பெட்டிக்குத்தான் வரும். அம்மாவின் மின்பெட்டியைப் பார்ப்பது மகன் என்பதை நாங்கள் இருவரும் மறந்துபோனோம். சிகிச்சை நாளன்று காலை அம்மாவை உடை மாற்ற அனுப்பிவிட்டு வந்தபோது மகன் எழும்பி என்னிடம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். டேனிஷில்தான் கதைத்தார், தமிழில் கேட்க முடியாதது போல.

"எத்தனை வோல்ட்?"

நோயாளியின் விபரத்தை உறவினருக்குச் சொல்ல விதி இருக்கிறது, அனுமதி இருக்கிறது. அம்மா வேண்டாம் என்று சொன்னதும் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது அம்மாவைப் பற்றி அல்ல, கருவியைப் பற்றி. அப்படித்தான் எனக்கு நான் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அது சரியென்றே நம்புகிறேன். "இப்படியான பெரிய காயத்துக்கு ஏழு ஊசி உள்ள முனை. 730 வோல்ட்" என்றேன். "ஒவ்வொரு துடிப்பும் 100 மைக்ரோசெக்கன். ஒரு செக்கனைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு."

"நித்திரையா?"

"முழு மயக்கம். உங்கள் அம்மா என்றில்லை, இவ்வளவு பெரிய காயத்தோடு வரும் எல்லாருக்கும்."

"எழும்பிய பிறகு ஞாபகம் இருக்குமா?"

"இல்லை. இருக்காது."

அவர் தலையாட்டினார். பிறகு தமிழில், "எனக்குத் தெரியும் எண்டு அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, அக்கா" என்றார். போய் இருந்துகொண்டார்.

அன்றைக்கு மருந்து ஏறியதும் நான் நேரத்தைச் சொன்னேன். எட்டாவது நிமிடத்தில் தொடங்கினோம். நெஞ்சுத் தசை ஒவ்வொரு முறை துள்ளும்போதும், வழமையாகத் திரையைப் பார்க்கும் நான் அன்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்க்கும் வேலையை மற்றத் தாதியிடம் கொடுத்திருந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. 23ஆவது நிமிடத்தில் முடிந்தது. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "துடங்கேல்லையோ?"

இப்போது பிளியோமைசினுக்குப் பதில் கல்சியத்தை வைத்தும் இதே முறையைச் செய்து பார்க்கிறார்கள். டென்மார்க்கில் தொடங்கிய ஆய்வு அது. பொட்டு வழியாக அளவுக்கு மிஞ்சிக் கல்சியம் புகுந்தால் கலம் தன் சக்தியெல்லாம் செலவழித்துச் செத்துப்போகிறது. 2018-இல் ஏழு நோயாளிகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது கல்சியம் கொடுத்த கட்டிகளில் 72 வீதமும், பிளியோமைசின் கொடுத்தவற்றில் 84 வீதமும் பலன் காட்டின. மிகச் சிறிய ஆய்வு, அதைக் கொண்டு முடிவுகட்ட முடியாது. ஆனால் கல்சியம் எந்த ஆஸ்பத்திரி அலுமாரியிலும் இருக்கும், விலை சில்லறை, கீமோ மருந்துபோலப் பக்குவம் பார்த்துக் கலக்கத் தேவையில்லை. ஊரில், தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டடம்தான் கண்ணில் நிற்கிறது. கருவி விலை கூடியது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது ஒருதரம் வாங்கும் பொருள்.

அம்மாவுக்கு மூன்றாம் கிழமை கறுத்தது. அவரே தொலைபேசி எடுத்து, "படத்தில இருந்த மாதிரியே வந்திட்டுது, பிள்ளை" என்று அறிவித்தார், பரீட்சை பாஸ் பண்ணின குரலில். எட்டாம் கிழமை வந்தபோது பொருக்கு பெரும்பாலும் விழுந்திருந்தது. கீழே இளஞ்சிவப்பாகத் தோல் மூடி வந்துகொண்டிருந்தது. ஈசிஜி ஒட்டி இருந்த இடங்களில் மூன்று கபில வட்டங்கள் பதிந்திருந்தன. அதைத்தான் நான் முன்பே சொன்னேன். பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கு ஒற்றைச் சட்டையோடு சேலை உடுத்திப் போய், ஆலாத்தி எடுத்தவர்களில் ஒருவராக நின்றிருக்கிறார். போன் படத்தைக் காட்டினார். மகன் பின்னால் நின்றிருந்தார்.

அடுத்த வைகாசியில் திரும்ப வந்தார்கள். மூடிய இடம் மூடியபடியே இருந்தது. ஆனால் அதற்கு மேலே, காறை எலும்புக்குக் கீழ், புதிதாக நான்கு சின்ன முடிச்சுகள். ஸ்கானில் ஈரலிலும் தெரிந்தது. டொக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார்கள். நான் தமிழில் சொன்னேன். ஈரல் என்ற சொல்லை ஈரல் என்றே சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு விரலால் அந்த நான்கு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இதுகளுக்கு இன்னொருக்கா பொட்டு வெட்டேலுமோ, பிள்ளை?"

"ஏலும். சின்னன்தான். விறைப்பு ஊசியோட செய்யலாம். ஆனா முழிச்சிருப்பியள். ஒரு அடி மாதிரி இருக்கும். நித்திரையாக்கியும் செய்யலாம்."

அவர் யோசித்தார். கதவு திறந்திருந்தது. மகன் இந்தமுறை உள்ளேயே, யன்னலோரக் கதிரையில் இருந்தார்.

"முழிச்சிருக்கிறன்" என்றார். "நீ கையைப் பிடி."

நான் அவருடைய கோவையை எடுத்தேன். பிளியோமைசினை வாழ்நாளில் 400,000 அலகுக்கு மேல் கொடுத்தால் நுரையீரல் இறுகும் ஆபத்து உண்டு. ஆகவே ஒவ்வொரு துளியையும் கூட்டி எழுதி வைப்போம். அவருக்கு இதுவரை ஏறியது 22,500. நிறைய இடம் இருந்தது. சிறுநீரகப் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தேன். வரும் வியாழன் காலை ஒன்பதரைக்கு என்று எழுதினேன். எழுந்து போகும்போது மகன் மின்பெட்டிக்குக் கடிதம் வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.